சாமுண்டிபுரத்து மெய்ஹானே

சுலோசனா சனிக்கிழமை தோறும் சாராயக்கடைக்குப் போகிறாள் என்ற சேதி கொள்ளேகால் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போகட்டுமே, அவளுக்கென்ன? ஆனால் அது போய் விழுந்த வீடு மகள் ஜீவிதாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீடு. அங்கேதான் வந்தது வினை.

உண்மையில் அவள் போனது சாமுண்டிபுரம் மெயின் ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு. 1999ஆம் வருஷம். மைசூரில் அப்போதுதான் ஆளாளுக்கு இன்டர்நெட் இன்டர்நெட் என்று அலைந்தார்கள். பையன்கள் அமெரிக்காவில் வேலை தேடினார்கள். சுலோசனா சாட்டிங் அறை ஒன்றைத் திறந்து அதற்கு 'மெய்ஹானே' என்று பெயர் வைத்து உட்கார்ந்தாள்.

அந்தப் பெயர் லிபியாவில் ஒட்டிக்கொண்டது. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, பெங்காசி ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் நர்ஸ் வேலை. அறைத்தோழி நெர்மின் துருக்கிக்காரி. அவளுடைய அப்பா இஸ்மிர் கடற்கரையில் மெய்ஹானே நடத்தியவர். மெய்ஹானே என்றால் குடிக்கிற இடம்தான், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் நின்றபடி ஊற்றிக்கொண்டு ஓடுகிற கடை இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சின்னச் சின்னத் தட்டுகளில் முலாம்பழமும் பாலாடைக்கட்டியும் கொறித்துக்கொண்டு, தண்ணீர் விட்டதும் வெளுத்துப்போகிற ராக்கி என்ற மதுவை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டு, மனசில் கிடப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கிற இடம்.

லிபியாவில் மதுவுக்குத் தடை. அதற்காக நெர்மின் சும்மா இருந்துவிடுவாளா? ராக்கிக்குப் பதிலாக மோரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, ஹாஸ்டல் அறையிலேயே மெய்ஹானே போட்டுவிட்டாள். மணிலாக்காரி டெஸ்ஸியும் சேர்ந்துகொண்டாள். சுலோசனாவின் அப்பா செத்த சேதி கடிதத்தில் வந்த அன்று, அவளை அழவிட்டு, அழுது ஓயும் வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அந்த மேசைதான்.

இப்போது ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். அதனால் என்ன? சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் தட்டும் தம்ளருமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நெர்மின் தம்ளரில் அசல் ராக்கி, டெஸ்ஸியிடம் பீர், சுலோசனாவிடம் மோர். என்ன தட்டு வைத்திருக்கிறோம் என்று முதலில் எழுதவேண்டும். பிறகு துருக்கிக்காரர்கள் 'சியர்ஸ்' சொல்கிற மாதிரி 'ஷெரெஃபே!' என்று எழுதிவிட்டுத் தம்ளரை மேசையில் ஒரு தட்டுத் தட்டவேண்டும், வராதவர்களுக்காக. அந்த 'டொக்' சத்தத்துக்குத்தான் அடுத்த சீட்டுப் பையன் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் திரையையும் படித்துவிட்டான். 'எனக்கு இது இரண்டாவது கிளாஸ், தலை சுற்றுகிறது' என்று சுலோசனா விளையாட்டாக எழுதியிருந்தாள். அவன் மாப்பிள்ளையின் தாய்மாமன் ரத்தினசாமி பெற்ற பிள்ளை என்று அவள் கண்டாளா?

ஞாயிற்றுக்கிழமை ரத்தினசாமி, தன் தங்கையான மாப்பிள்ளையின் அம்மா நாச்சம்மாளைக் கூட்டிக்கொண்டு கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"ஏனுங்கம்மா, சுத்தி வளைக்காம கேக்கறேன். கம்ப்யூட்டர்ல சாராயக்கடை போட்டிருக்கீங்களாமா? ரெண்டாவது கிளாசுன்னு எழுதுனீங்களாமா?"

சுலோசனாவின் கணவர் சுப்பையா அவசரமாகச் சிரித்தார். "ஐயோ, அது மோருங்க! வெறும் மோரு! சுலோ, நீயே சொல்லு."

"மோருன்னா நல்லதாப் போச்சுங்க. வாயில ஒரு சொட்டுப் பட்டதில்ல, அந்தக் குடிகாரிக சகவாசமும் இனி இல்லைன்னு மாதேஸ்வரன் மேல சத்தியம் பண்ணிப்போடுங்க. மேக்கொண்டு தேதி பாத்துக்கலாம்."

சொட்டுப் பட்டதில்லை என்பது சத்தியமான உண்மை. தைரியமாகச் சூடத்தை அணைத்திருக்கலாம். கதவோரம் நின்ற ஜீவிதா கண்ணாலேயே கெஞ்சினாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. இதெல்லாம் சுலோசனாவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் 'நான் மோர்தான்' என்று சொன்ன மாத்திரத்தில் நெர்மினும் டெஸ்ஸியும் குடிகாரிகள் ஆகிவிடுவார்கள், இவள் ஒருத்தி மட்டும் உத்தமி. அந்த நினைப்பிலேயே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என் கிளாசுல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன்."

"அப்ப குடிச்சீங்க?"

"அப்படியே வெச்சுக்கங்க. உங்க வீட்டு ஆம்பளைங்க கிளாசுல என்ன இருந்துச்சுன்னு நான் கேட்டேனா? கேக்காமத்தான பொண்ணு குடுக்க ஒத்துக்கிட்டேன்? இன்னொரு தரம் அவங்கள குடிகாரின்னு சொன்னீங்க, நல்லா இருக்காது."

நாச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

"மோருன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் தலையா போயிடும்?" ஜீவிதா கத்தினாள். "பொய்யாவா சொல்லச் சொன்னேன்?"

"பொய்யில்லடி. துரோகம்."

"எனக்குப் பண்ணது என்னவாம்?"

அந்த வாரம் முழுக்க மகள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை வந்தது. "இன்னிக்கு ஒருநாளாவது போகாம இரு சுலோ, தெருவே வேடிக்கை பாக்குது" என்றார் சுப்பையா. அவள் மோரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள்.

நடந்ததையெல்லாம் எழுதினாள். நெர்மின் உடனே திட்டினாள்: 'பைத்தியக்காரி! மோர் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே. நாங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.'

'நீங்கள் சிரித்திருப்பீர்கள். இங்கே வந்து உட்கார எனக்கு முகம் இருந்திருக்காது' என்று எழுதினாள் சுலோசனா.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஜீவிதா. அம்மா எழுதியதைப் பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் இவங்ககிட்டதான் சொல்வியா?"

"ஆமா."

"நான் வயசுக்கு வந்தப்ப நீ இல்ல. சேதி கேட்டு அழுதேன்னு அப்பாவுக்கு எழுதியிருந்தியாம். யார்கிட்ட அழுத?"

சுலோசனா திரையில் நெர்மின் பெயர் மேல் விரலை வைத்தாள்.

"ஊருக்கு வந்து எத்தன வருஷமாச்சு! எங்கிட்ட ஒருநாளாவது அழுதிருக்கியாம்மா?"

"இல்ல."

"தள்ளு அந்தாண்ட."

ஜீவிதா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 'நான் ஜீவிதா. இவளுடைய மகள். இவளைத் திட்ட வந்திருக்கிறேன்' என்று எழுதினாள்.

'உட்கார், கண்ணே. நாங்கள் குறுக்கே பேசமாட்டோம்' என்று நெர்மினிடமிருந்து வந்தது பதில்.

அவள் திட்டத் தொடங்கினாள். கல்யாணம் போனதில் ஆரம்பித்து, அம்மா இல்லாமல் வந்துபோன பிறந்தநாள்களுக்குப் போனாள். காய்ச்சலில் கிடந்தபோது யார் யாரோ கஞ்சி ஊட்டியதை எழுதினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நிறுத்தவில்லை. சுலோசனா எல்லாவற்றையும் படித்தாள். எதையும் மறுக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்ப்பதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை.

சுப்பையா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "ரெண்டு பேரும் எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம். ஊரே பாக்குது."

ஜீவிதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாக்கட்டும்ப்பா. நான் இன்னும் திட்டி முடிக்கல."