நனைந்த பிரேக்

இனிகோ இறால் கம்பெனி ஜீப்பை ஓட்ட ஆரம்பித்தது எழுபத்திரண்டாம் வருஷம். தூத்துக்குடியில் இறால் கம்பெனிகள் மழைக்காலத்து ஈசல் மாதிரி கிளம்பிய நேரம். முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் அப்பா முத்துக் குளித்தவர். அவனுக்கோ ஒரு பாகம், அதாவது ஓர் ஆள் ஆழம் இறங்கினாலே காது குத்தும். ஆகவே கடலை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

விடிந்ததும் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்புவான். குலசேகரன்பட்டினம் தாண்டிக் கரையோர ஊர்களில் இறாலை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும். கடைசி ஊருக்கு ரோடு கிடையாது. முதலில் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓர் உப்போடை. அதைத் தாண்டி ரெண்டு பர்லாங்கில் செம்மணல் மேடான தேரி. தேரி மேல் ஏறி அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கினால் கடற்கரை. சரிவு முடிகிற இடத்தில்தான் பெண்கள் பாயை விரித்து உட்கார்ந்து இறாலைப் பெரிசு சிறிசு என்று பிரிப்பார்கள்.

அந்தச் சரிவில் ஜீப்பின் பிரேக் சரியாகப் பிடிக்காது. உப்புத் தண்ணீரும் மணலும் சேர்ந்து சக்கரத்துக்குள் இருந்த பிரேக் டிரம்மை அரித்தன. வாரத்துக்கு ஒரு தடவை நாலு சக்கரத்தையும் கழற்றி, மணலைத் தட்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவான். அந்தத் தண்ணீர் அவன் பெண்சாதி ஆக்னஸ் அரை மைல் நடந்து ஊற்றில் கோரிக் கொண்டுவந்தது.

"குடிக்கதுக்கு ரெண்டு குடம். உங்க ஜீப்புக்கு நாலு குடம். நல்லா இருக்கு நியாயம்" என்பாள்.

கழுவியும் பிரயோசனமில்லை. பெட்டிகளின் கனத்துக்கு அந்த ஒன்பது அங்குல டிரம் பற்றாது என்று இனிகோவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையை முடித்த கையோடு மதுரைக்கு பஸ் ஏறி, பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஏலத்தில் வந்த பட்டாளத்து வண்டி ஒன்றின் பதினோரு அங்குல டிரம் நாலையும் பார்த்துவைத்துவிட்டு வந்தான். மேனேஜர் அனந்தபத்மநாபனிடம் ஒரு மாதம் நச்சரித்தான். ஆழ்வார்திருநகரிக்காரரான அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இறால் நேரத்துக்கு வந்தால் போதும்.

"சரிய்யா, வாங்கித் தொலை. நிக்கலைன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்றார்.

மூன்று நாள் வேலை. டிரம், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ, பின்தகடு எல்லாம் மாற்றினான். புது டிரம்மோடு வந்த பெரிய சிலிண்டருக்கு பிரேக் எண்ணெய் அதிகம் தள்ள வேண்டும் என்பதால் பெடலுக்கு அடியிலிருந்த மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினான். குழாயில் நின்ற காற்றை எடுக்க ஆக்னஸையே பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். நாலாம் நாள் மேனேஜரை ஏற்றிக்கொண்டுபோய்த் துறைமுக ரோட்டில் ஒரே மிதி மிதித்தான். வண்டி அறைந்த மாதிரி நின்றது. மேனேஜரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"எந்தச் சரிவா இருந்தாலும் இனிமே கவலையே இல்ல சார்" என்றான் இனிகோ.

அப்படிச் சொன்ன பதினோராம் நாள் பௌர்ணமி. ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு ஏறியிருந்தது. கடந்துபோய், தேரி ஏறி, சரிவில் பெடலை மிதித்தான். பிரேக் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து மணல் மேட்டில் மோதித்தான் நிறுத்தினான். கீழே பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை மேட்டிலிருந்து பின்னால் எடுத்து, மெதுவாக நகர்த்தி மறுபடி மறுபடி மிதித்துப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது. அப்புறம் கல் மாதிரி நின்றது.

புரிந்துவிட்டது. பெரிய டிரம் தண்ணீரையும் நிறைய வாரிக்கொள்கிறது. ஈரம் காயும்வரை ஷூ வழுக்கும். அன்றிலிருந்து ஓடையைத் தாண்டியதும் இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே தேரி வரை ஓட்டுவான். சூட்டில் ஈரம் காய்ந்து, பிடி வந்ததும் காலை எடுப்பான். மேனேஜரிடம் சொல்லவில்லை. அவ்வளவு பீற்றிக்கொண்ட பிறகு எந்த முகத்தோடு சொல்வது? ஆக்னஸிடம் மட்டும் சொன்னான். "அந்தோணியார் காப்பாத்தினாரு" என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்ததும் மேனேஜர் எட்டுப் பெட்டியைப் பதினாலு ஆக்கினார்.

"சார், பிரேக்கை மாத்தினது வண்டி நிக்கதுக்கு. பாரம் ஏத்ததுக்கு இல்ல."

"நிக்கறதோ இல்லையோ? அப்புறம் என்ன?"

இனிகோ சாவியை மேஜையில் வைத்தான். எட்டுக்கு மேல் ஏற்றினால் ஓட்ட மாட்டேன் என்றான். தன்னை விட்டால் அந்தத் தடத்தில் ஓட்ட ஆளில்லை என்று நினைத்துச் செய்தது அது. மேனேஜர் சாவியை எடுத்து, ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த மரியானைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மரியானிடம் லைசென்ஸ் இருந்தது. முப்பது வயது, வாய் செத்தவன். அவன் போட்டுவிட்டு வந்த மரச்சுத்தியலை இனிகோ எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் மரியான் அவன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, நானா கேட்டு வாங்கல. கோவிச்சுக்காதீங்க. அந்தத் தடத்துல வண்டியில ஏதாவது விசேசமாப் பாக்கணுமாண்ணே?"

இனிகோவின் உள்ளங்கையில் அன்றைக்குப் பட்ட சுத்தியல் கொப்புளங்கள் எரிந்துகொண்டிருந்தன.

"ஒண்ணுமில்ல. மிதிச்சா நிக்கும்."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த ஆக்னஸின் கை நின்றது. மரியான் போனபின், "ஓடையைப் பத்திச் சொல்லலையே?" என்று கேட்டாள்.

"எனக்கு எவன் சொல்லித் தந்தான்? அவனும் ஒரு தடவை மணல்ல முட்டட்டும். அப்பத் தெரியும் மேனேஜருக்கு."

அவ்வளவுதான் அவன் நினைத்தது. வண்டி மணலில் முட்டும், பெட்டி உருளும், மேனேஜர் ஆள் அனுப்புவார். அதற்கு மேல் நினைக்க அவன் மனசு அன்று இடம் கொடுக்கவில்லை.

அப்போது அமாவாசை கழிந்து எட்டு நாள். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். மரியான் நாள் தவறாமல் போய் வந்தான், பதினாலு பெட்டியோடு. மேனேஜர் எல்லோர் காதிலும் விழும்படி அவனைப் புகழ்ந்தார். கடற்கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் எந்த நாளில் எவ்வளவு ஏறும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐஸை உடைத்துக்கொண்டே இனிகோ பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினான்.

பௌர்ணமியன்று காலையில் பெட்டி ஏற்றும்போது மரியான் சிரித்துக்கொண்டே, "வாரேண்ணே" என்றான். சொல்லிவிட இனிகோ வாயெடுத்தான். ஒரு வார்த்தை. 'ஓடை தாண்டினதும் பிரேக்கைக் காயவை.' அதற்குள் மேனேஜர் உள்ளேயிருந்து, "என்னய்யா வேடிக்கை? ஐஸை உடை!" என்று கத்தினார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இனிகோ குனிந்து சுத்தியலை ஓங்கினான். நிமிர்ந்தபோது ஜீப் கேட்டைத் தாண்டியிருந்தது.

பதினோரு மணிக்குச் சேதி வந்தது. சரிவில் ஜீப் நிற்கவில்லை. பாயில் இருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். சீனித்தாய் மட்டும் மடியில் இறாலோடு எழுந்திருக்கத் தாமதித்தாள். வலது கால் சக்கரத்தில் மாட்டியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் குடியிருக்கும் விதவை. இனிகோ போகும்போதெல்லாம் அவனுக்குப் பதநீர் எடுத்து வைத்திருப்பாள்.

மறுநாள், ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த ஜீப்பைச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஓட்டிக் காட்ட ஆள் வேண்டுமென்றபோது மேனேஜர் இனிகோவைத்தான் அனுப்பினார். போலீஸ்காரர் பக்கத்தில் மரியான், சட்டையெல்லாம் காய்ந்த ரத்தத்தோடு, குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தார் ரோட்டில் வேகமெடுத்து இனிகோ மிதித்தான். நாலு சக்கரமும் ரோட்டில் கரிக்கோடு போட்டு நின்றன. இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு தடவை மிதிக்கச் சொன்னார். இரண்டு தடவையும் அப்படியே.

"அருமையான பிரேக். யார் மாத்தினது?"

"நான்தான் சார்."

சொன்ன அந்த நொடியில்கூட அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் அவனுக்குத் தன்மீதே குமட்டியது.

"பிடிக்கல சார், சத்தியமாப் பிடிக்கல" என்று மரியான் அழுதான். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. வண்டி உங்களுக்குத் தெரியும்லா?"

இனிகோ டிரம்மைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது.

"பிரேக்குல கோளாறு இல்ல சார்" என்றான். அது பொய்யுமில்லை.

மரியானுக்கு ஆறு மாதம் ஜெயில். லைசென்ஸ் போயிற்று. சாவி இனிகோவிடமே திரும்பி வந்தது. பெட்டி பதினாலு பதினாலாகவே இருந்தது. இந்தத் தடவை அவன் பதினாலையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

"நான் போய்ச் சொல்லட்டா?" என்று ஆக்னஸ் கேட்டாள்.

"சொல்லு. அவனுக்குப் பதிலா நான் உள்ள போறேன். நீ இறால் பிரிச்சுச் சாப்பிடு."

அவள் போகவில்லை. ஆனால் ஜீப்புக்குத் தண்ணீர் சுமப்பதை அன்றோடு விட்டுவிட்டாள். அவனும் கேட்கவில்லை. பெரிய வெள்ளிக்கு முன்னால், பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் பங்குச் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னான். "முதல்ல அந்தப் பொம்பளைகிட்ட போய்ச் சொல்லு" என்றார் அவர். அதற்கப்புறம் அவன் அந்தக் கூண்டுப் பக்கமே போகவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துச் சீனித்தாய் மறுபடி வேலைக்கு வந்தாள். கக்கத்தில் கட்டையைக் கொடுத்து நடந்தாள். மணலில் கட்டை புதையும் என்பதால், ரோட்டு முக்கில் நின்று இனிகோவின் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ ஓட்டியிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்காது, தம்பி" என்றாள். இனிகோ கியரை மாற்றினான்.

ஓடையில் அன்று தண்ணீர் ஏறியிருந்தது. கரையேறியதும் பழக்கத்தில் இடது கால் பிரேக்குக்குப் போயிற்று. வண்டி முனகிக்கொண்டே போனது.

"குறுக்க ஒண்ணும் வரலையே. எதுக்கு பிரேக்கை அமுக்கிக்கிட்டே போற?"

பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. ஏனோ வரவில்லை.

"தண்ணி பட்டா பிடிக்காதுக்கா. காயவைக்கணும்."

தேரி ஏறும்போது அவள் கேட்டாள்:

"இது அந்தப் பயலுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"உனக்கு?"

"தெரியும்."

"அவன் உன்கிட்டக் கேக்கலையா?"

"கேட்டான்."

சீனித்தாய் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இறக்கிவிடு என்று சொல்வாள் என இனிகோ காத்திருந்தான். சொல்லவில்லை. நடுத்தேரியில் இறங்கி அவள் எங்கே போவாள்? சரிவில் வண்டி மெதுவாக இறங்கி நின்றது. அவன் கை கொடுக்கப் போனான். கட்டையால் அவன் கையைத் தள்ளிவிட்டு, கதவைப் பிடித்துத் தானே இறங்கினாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் அவனை அடிக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. இறால் போக வேண்டும், போக ஒரே வண்டிதான். பெண்கள் பெட்டியை வண்டியின் பின்னால் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்கள். மரியான் ஜெயிலிலிருந்து வெளியே வந்தவன் ஊருக்கு வராமல் கொச்சிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இனிகோ விசாரிக்கவில்லை.

சீனித்தாய் மறுநாளும் முக்கில் நின்றாள். அதற்கு மறுநாளும். அவளுக்கு வேறு வழியில்லை. முன்சீட்டில் ஏறாமல், பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தாள்.