நீட்டு நாய்தான் வேணும்

எங்க குஷன் கடைக்கு எலி பிடிக்கிற நாய் ஒண்ணு வேணும். விஷயம் அவ்வளவுதான். இதுல கண்ணைக் கசக்க என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

கடை முன்னாடி, வீடு பின்னாடி. சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் நான் குஷன் தைச்சுக் கொடுக்கிறேன். வேலை தலைக்கு மேல கிடக்கு. எலிக்கு ஃபோமைக் கண்டா மெத்தை போட்ட மாளிகை கிடைச்ச மாதிரி. போன மாசம் ஒரு டாக்டரம்மா வந்து, தைச்சு வச்ச குஷனை ஆசையா அமுக்கிப் பார்த்தாங்க. உள்ளேயிருந்து ஒரு எலி, குட்டி குடும்பத்தோட வெளிய வந்துச்சு. மானமே போச்சு. பொறி வச்சேன், மருந்து வச்சேன். அதுங்க என்னைவிட விவரம்.

அதனால நாய். இடம் சின்னது, நாயும் சின்னதாத்தான் இருக்கணும். விசாரிச்சதுல ரெண்டு ஜாதி தேறிச்சு. ஒண்ணு பக். சப்பை மூக்கு, முட்டைக் கண்ணு, பார்த்தாலே சிரிப்பு வரும். இன்னொண்ணு டாஷண்ட். உடம்பு நீளம், காலு குட்டை, வளைக்குள்ள தலையை விட்டு இழுத்துட்டு வர்ற ஜாதி. பக் நாயோட மூக்குக்கு எங்க கடைத் தூசி ஆகாது. சும்மா உட்கார்ந்திருந்தாலே அதுக்கு மூச்சு வாங்கும். டாஷண்ட் குரைச்சு ஊரைக் கூட்டும், கண்ட இடத்தைத் தோண்டும், என் ஃபோமையே கிழிச்சாலும் கிழிக்கும். தெரியும். படி ஏறி இறங்கினா அதுக்கு முதுகு போயிடுமாம். எங்க வீட்ல மாடியே கிடையாது. அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?

யோசிக்கத்தான் என் நாத்தனார் இருக்காளே!

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுறார். தங்கமான மனுஷன், ஆனா பேச வேண்டிய இடத்துல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். நாய் வாங்கப்போறதை மட்டும் தங்கச்சிகிட்ட போன்ல உளறிட்டார். அவ அதை அம்மா காதுல போட்டிருக்கா. "பாவம், அண்ணி மனசு எவ்வளவு ஏங்கியிருந்தா நாய் வளர்க்கத் தோணும்"னு ரெண்டு பேரும் உட்கார்ந்து உருகியிருக்காங்க.

எங்களுக்குக் குழந்தை இல்ல. சொல்லிட்டேன். சொன்னதும் எல்லாருக்கும் மூஞ்சி ஒரு மாதிரி மாறுது பாருங்க, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்தாச்சு. போதும்னு நிறுத்தினது இவர்தான். ஆனா அதை அவங்க வீட்ல இவர் மூச்சுகூட விடல. நான்தான் அலுத்துப்போய் பாதியில விட்டுட்டேன்னு மாமியார் இன்னிக்கு வரைக்கும் நினைச்சிட்டிருக்காங்க. "சொல்லித் தொலைங்களேன்"னா, "சொல்றேன், பார்ப்போம்"பார். பேச்சு வாங்குறது நான்.

ஞாயித்துக்கிழமை காலையில கதவைத் திறந்தா, அம்மாவும் பொண்ணுமா நிக்கிறாங்க. நாத்தனார் தோள்ல, துண்டுல சுத்தின பக் குட்டி. மாமியார் கையில ஒரு பை. அதுல பால்புட்டி, சின்னத் தலகாணி, கிலுகிலுப்பை. நாத்தனாரோட மகன் கைக்குழந்தையா இருந்தப்ப போட்ட சட்டையை அந்த நாய்க்கு மாட்டி விட்டிருக்காங்க. பொத்தான் கழுத்தை இறுக்கி அது கொர்கொர்னு இழுக்குது.

"பாருங்க அண்ணி, மூஞ்சி அப்படியே குழந்தைதான்! தட்டிக் கொடுத்தா தோள்லயே தூங்கிடுது. அந்த நீட்டு நாய் உங்க மடியில நிக்குமா?"

"இது எலி பிடிக்குமா?"

"சீ, செல்லத்தைப் போய் எலி பிடிக்கச் சொல்வாங்களா?" அவ குட்டியை என் பக்கம் நீட்டினா. "போடா கண்ணா. அம்மாகிட்ட போ. உங்க அம்மா பாரு!"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. முதல்ல அந்தப் பொத்தானைக் கழட்டினேன். அது நல்லா மூச்சு விட்டுச்சு. அப்புறம் நான் விட்டேன்.

"நான் இதுக்கு அம்மா இல்ல. யாருக்கும் அம்மா இல்ல. அதுக்காக நான் அரை ஆளும் இல்ல. நாய் கேட்டேன், நாய் கொண்டு வாங்க. பரிதாபத்தைச் சட்டை மாட்டித் தூக்கிட்டு வராதீங்க!"

"உன் நல்லதுக்குத்தானேம்மா," மாமியார் ஆரம்பிச்சாங்க. "அன்னிக்கு அந்த ஊசியை மட்டும் நீ பாதியில நிறுத்தாம இருந்திருந்தா..."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். துணி வெட்டுற மேஜைகிட்ட நின்னு, அளவு டேப்பைச் சுத்துறதும் பிரிக்கிறதுமா இருந்தார்.

"என்னங்க, பக் நாயா, டாஷண்டா? இப்பவே சொல்லுங்க."

"இல்ல, நிதானமா..."

"நிதானமெல்லாம் போதும். நீங்க பக்னு சொன்னா, இவங்க நினைக்கிறதுதான் சரின்னு ஆயிடும். காலத்துக்கும் இது குறைபட்ட வீடு, குறை என்னோடது. அப்படி ஒரு வீட்ல இருக்க எனக்கு இஷ்டம் இல்ல. பொட்டியைக் கட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்லலைன்னு அவருக்குத் தெரியும். டேப்பை மேஜை மேல வச்சார்.

"அம்மா, ஊசி போதும்னு சொன்னது நான். இவ இல்ல. இன்னும் ஒரு தடவை பார்ப்போம்னுதான் இவ கேட்டா. இவ படுற பாட்டை என்னால பார்க்க முடியல. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

மாமியார் அப்படியே பக்கத்துல இருந்த சோபாவுல உட்கார்ந்துட்டாங்க. "இவ்வளவு நாளா ஏன்டா சொல்லல?"

"நீ திட்டுவேன்னு பயம். இவளைத் திட்டிட்டிருந்தே, நான் தப்பிச்சிட்டிருந்தேன்."

அவங்க என்னைப் பார்த்தாங்க. மன்னிப்பு கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்துல யாருக்கும் இல்ல. அந்தப் பால்புட்டிப் பையைத் தூக்கிக் காலுக்குப் பின்னாடி தள்ளி வச்சுக்கிட்டாங்க. எனக்கு அது போதும்.

நாத்தனார்தான் மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டா, "அப்ப உங்களுக்கு ஏக்கமே இல்லையா அண்ணி?"

"இருந்துச்சுடி. ஏன் இல்லாம? அழுதேன், அழுது முடிச்சிட்டேன். உங்களுக்குத்தான் இன்னும் முடியல."

குட்டி அதுக்குள்ள அவ கழுத்துல முகத்தைப் புதைச்சுத் தூங்கிட்டிருந்துச்சு. நல்ல நாய்தான், அதுமேல எனக்கு என்ன கோபம்? "இதை நீயே வச்சுக்கோ. உன்னோடதான் ஒட்டிக்கிச்சு"ன்னேன். வேணாம்னு ஒரு வார்த்தை வரணுமே அவ வாயில! இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

இவர் போனை எடுத்தார். நான் சொல்லல, அவரேதான். டாஷண்ட் வளர்க்கிறவருக்குப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜை மேல வச்சார். அந்த மனுஷன் கண்டவங்களுக்குக் குட்டி கொடுக்க மாட்டார்போல, கேள்விமேல கேள்வி. பகல்ல வீட்ல ஆள் இருக்குமா, மாடிப்படி இருக்கா, குரைச்சா அக்கம்பக்கத்துல சண்டைக்கு வருவாங்களான்னு. இவர் எல்லாத்துக்கும் கணீர்னு பதில் சொன்னார். இப்படி இவர் பேசி நான் கேட்டதே இல்ல.

"சரி, வீட்ல யார் யாருங்க?"

"நானும் என் வீட்டுக்காரியும்."

"வேற யாரும் இல்லையா?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தாங்க. இவர் என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க. ரெண்டு பேர். எங்க வீட்ல எல்லாரும் இருக்கோம்."