சமாதானம் சொல்லாதவன்

1

பழிவாங்கத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். எங்கள் மாதா கோயில் ஞாயிறு பூசையில், ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில், பக்கத்தில் நின்ற பெலிக்ஸைப் பார்த்துக் கைகூப்பினேன். என்னோடு பள்ளியில் படித்தவன், மரக்காணம் உப்பளத்தில் வேலை. அவன் திரும்பவேயில்லை. தொடர்ந்து மூன்று ஞாயிறு இப்படியே. எனக்குச் சுருக்கென்றது.

முதல் தொடக்கம்: 'உப்பு வாருகிறவனுக்கு இத்தனை திமிர் ஆகாது, அதிலும்...'

(நல்ல வரி என்று இரண்டு நாள் திரிந்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.)

2

அவன் மனைவி சில்வியாவிடம் குறை சொன்னேன்.

"திமிரெல்லாம் இல்லண்ணா. கண்ணுல பிரஷராம். நேரா இருக்கிறது மட்டும்தான் தெரியுது, பக்கத்துல நிக்கிறவங்க தெரியல. போனது திரும்பாதுன்னுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

இரண்டாம் தொடக்கம்: 'பாவம் பெலிக்ஸ்...'

அடித்துவிட்டேன். பாவப்பட்டவனைப் படிக்கச் சுகமாக இருக்கும். அது பெலிக்ஸ் இல்லை.

3

உப்பள வரப்பில் அவனுக்கு நேர் எதிரே போய் நின்று, எழுதியதையும் சில்வியா சொன்னதையும் சொன்னேன்.

"திமிரு புடிச்சவன்னே எழுதுடா," என்றான். "கண்ணு தெரியலன்னா நாளைக்கே வரப்புல ஏறாதன்னுடுவாங்க. திமிரு புடிச்சவனுக்கு வேலை உண்டு."

"மருந்து ஊத்துறியா?"

"ஊத்துனா போனது வருமா?"

"மிச்சத்தக் காப்பாத்தும்ல."

"மிச்சத்த வச்சி யாரப் பாக்கப்போறேன்? நடிச்சி நடிச்சி அப்படியே ஆயிட்டேன்டா. இப்பல்லாம் எந்த மூஞ்சியும் நெஜமாவே புடிக்கல. சில்வியா மூஞ்சியும்தான்."*

* இந்த வரியை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறை திரும்ப வைத்தேன். சில்வியா இதைப் படிப்பாள்.

4

முடிவு ஒன்று: அவன் மருந்து ஊற்ற ஆரம்பிக்கிறான். (என் ஆசை. நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: வரப்பில் கால் இடறி... (எழுத மாட்டேன்.)

பெயர்களை மாற்றிவிட்டேன். என்ன பயன், எங்கள் கோயிலில் திரும்பாதவன் ஒருவன்தான். ஊர் கண்டுபிடிக்கும், அவன் வேலை போகும். தெரிந்தேதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். திமிர் பிடித்தவனை யாரும் மருந்து ஊற்றச் சொல்லிக் கெஞ்ச மாட்டார்கள்; கண் போகிறவனை யாராவது கெஞ்சுவார்கள்.

5

போன ஞாயிறு சமாதானம் சொல்லும்போது, இடத்தை விட்டு நகர்ந்து அவனுக்கு நேர் எதிரே நின்று கைகூப்பினேன். பெலிக்ஸ் என்னை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

என்னிடம் முடிவு இல்லை. வரும் ஞாயிறு நீங்கள் யாராவது அவன் எதிரே போய் நில்லுங்கள்.