செவலையும் லூசியும்

குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள் வேல்விழி. கட்டைவிரலுக்குக் கீழே சதை கிழிந்திருந்தது. நுரை சிவந்து ஓடியது. அடுப்படிக் கதவை உள்ளிருந்து வீட்டு நாய் லூசி பிறாண்டியது. வேப்பமரத்தில் கட்டியிருந்த செவலையின் காது நுனியிலிருந்து ரத்தம் சொட்டியது. சோற்றுச் சட்டி கவிழ்ந்து வாசலெல்லாம் பருக்கை. பள்ளிக்கூட யூனிபார்மோடு மகள் அனுஷ்கா பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஒனக்கு வலிக்கலயா?"

வேல்விழி கையைப் பார்த்தாள். வலிக்கத்தான் வேண்டும். "ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கிறேன். நீ பஸ்ஸப் பிடி, நேரமாச்சு" என்றாள்.

செவலை தோட்டத்து நாய். கோம்பைச் சாதி, பெட்டை. சுருளிப்பட்டிக்கு மேற்கே இருந்த திராட்சைத் தோட்டத்தில் அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் அவள் புருசன் சுந்தரலிங்கம். மாசியில் ஒரு முற்பகல், பந்தலுக்கடியில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. செவலை அவனைச் சுற்றிச் சுற்றி வந்து ஒருத்தரையும் நெருங்க விடவில்லையாம். வீட்டுக்கு ஆள் அனுப்பி வேல்விழியைக் கூட்டிப்போனார்கள். புருசனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் நாயைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கழுத்தைக் கட்டிப் பிடித்து இழுத்துப்போய் மோட்டார் ரூம் தூணில் கட்டினாள். திரும்பி வருவதற்குள் அவனைத் துணியில் கிடத்தித் தூக்கிவிட்டிருந்தார்கள். அவள் அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அழவில்லை. சொந்தக்காரப் பெண்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அது பற்றிப் பேசினார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டதும் செவலை வீட்டுக்கு வந்தது. வீட்டில் ஏற்கெனவே லூசி இருந்தது. அனுஷ்கா சின்னவளாக இருந்தபோது மழையில் நனைந்து கிடந்ததைப் பாவாடையில் சுற்றித் தூக்கிவந்த வெள்ளை நாட்டு நாய். செவலை வந்த அன்றே இரண்டும் வாலை விறைத்துக்கொண்டு ஒன்றையொன்று பார்க்காத மாதிரி நின்றன. அதற்கப்புறம் சோற்றுக்குச் சண்டை, நிலைப்படியில் சண்டை, எதற்கென்றே தெரியாமல் சண்டை. குரைக்காமல் கொள்ளாமல் கவ்விக்கொள்ளும். இன்று காலை வேல்விழி யோசிக்காமல் நடுவில் கையை விட்டுவிட்டாள்.

மத்தியானம் கம்பம் டவுனில் செவலையின் காதுக்குத் தையல் போட்ட கால்நடை டாக்டர் மகிமா, வேல்விழியின் கைக்கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எப்பெல்லாம் சண்ட வருது?"

"சோறு வச்சா வரும். வாசப்படில எதிரெதிர வந்தா வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் செத்த நேரம் உக்காந்தாலும் வரும். ரெண்டும் காலடில வந்து படுக்கப் பாக்கும்" என்றாள்.

"அப்ப ஒங்களுக்காகவும்தான் அடிச்சுக்கிருதுக."

வேல்விழிக்கு அது வேறு யாரையோ பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.

"இனிமே நடுவுல கைய விடாதீக. தண்ணியக் கொட்டுங்க, இல்ல ஒரு பலகையக் குறுக்க தள்ளுங்க. ரெண்டையும் ஒண்ணா விடவே கூடாது, சோறும் தனித்தனியாத்தான். காயம் ஆறுனப்புறம் ஆளுக்கொண்ணாப் பிடிச்சு, நல்லா தூரம் விட்டு, ஒரே திசைல நடக்க வைங்க. கிட்ட கொண்டுபோக அவசரப்படாதீக. சில நாய்க கடைசிவரைக்கும் ஒத்துக்கிறாது. அதையும் சொல்லிர்றேன்."

அதிலிருந்து வீடு கதவுகளால் நடந்தது. லூசி உள்ளே இருந்தால் செவலை வாசலில். செவலை உள்ளே வந்தால் லூசி கொல்லையில். தாயும் மகளும் பேசிக்கொண்டதும் அவ்வளவுதான். "கட்டியாச்சா?" "கட்டியாச்சு." "கதவத் தெறக்கப் போறேன்." "இரு, இரு." சுந்தரலிங்கத்தின் பெயரை இருவருமே எடுக்கவில்லை. வேல்விழி சமைத்தாள், தாழ்ப்பாள் போட்டாள், எடுத்தாள். உட்காருவதை விட்டுவிட்டாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். யாருக்கும் காலடி இல்லாமல் போனதில் சண்டை குறைந்தது.

கொழுந்தன் அருண்பாண்டி வந்து தையல் போட்ட காதைப் பார்த்தான். "மதினி, கூடலூர்ல ஏலக்கா ஸ்டோர்காரர் ஒருத்தர் காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டு இருக்காக. செவலையக் குடுத்துருவோம். ஒங்களுக்கும் பாடு கொறையும்."

"சரி" என்றாள். அவன் தோட்டத்தைக் குத்தகைக்கு விடலாமா என்று கேட்டபோதும் அப்படித்தான் சரி என்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அருண்பாண்டியின் ஜீப் வந்தது. வேல்விழி செவலையின் சங்கிலியை அவிழ்க்கப் போனபோது, கொல்லைப்புறமாக வந்து அனுஷ்கா ஜீப்பருகில் நின்றாள். கையில் லூசியின் கயிறு.

"சித்தப்பா, இதக் கூட்டிட்டுப் போங்க."

"ஏத்தா, இது ஒன் நாயில்ல?"

"ஆமா. என் நாய்தான. நான் குடுக்குறேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "செவலைதான் கடைசியா அப்பா கூட இருந்துச்சு. அது இங்கனயே இருக்கட்டும்."

லூசிக்கு ஜீப் என்றால் பிரியம். முன்னங்காலைத் தூக்கி ஏறும் இடத்தில் வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது. அனுஷ்கா கயிற்றைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். நீட்டிய கை நீண்டபடியே இருந்தது, விரல் மட்டும் விடவில்லை. அந்த விரல்களை வேல்விழி பார்த்தாள். இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளையும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவள் புத்தியில் பட்டது.

"தம்பி, நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"என்ன மதினி, ஆளு காத்துக்கிட்டு இருக்காக அங்கன."

"ரெண்டும் இருக்கட்டும்."

"திரும்ப கடிச்சு வச்சா?"

"கடிச்சா பாத்துக்கிருவோம்."

அவன் ஏதோ முனகிக்கொண்டே ஜீப்பைத் திருப்பினான்.

செவலையின் காது ஆறியிருந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், டாக்டர் சொன்ன மாதிரி நடக்க வைக்க, வாய்க்காலுக்குப் போனார்கள். அணை திறந்து தண்ணீர் நிறைய ஓடியது. இந்தக் கரையில் வேல்விழியும் செவலையும், எதிர்க்கரையில் அனுஷ்காவும் லூசியும். செவலை முதலில் கழுத்து ரோமம் சிலிர்த்து இழுத்தது. பிறகு இழுப்பது தளர்ந்தது. புதிதாக நட்ட வயல்களைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, இரண்டு நாய்களும் ஒரே வேகத்தில் நடந்தன. அவ்வப்போது தலையைத் திருப்பி, தண்ணீருக்கு மேலாக ஒன்றையொன்று பார்த்தன. வேல்விழிக்கு மனசுக்குள் எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை. நடந்தாள், அவ்வளவுதான்.

முன்னால் தென்னைமரப் பாலம் தெரிந்தது. குறுக்கே போட்ட ஒற்றைத் தடி, அதற்கப்பால் எதிர்க்கரையில் முள்வேலி. அனுஷ்கா நின்றாள்.

"அம்மா, இங்கிட்டுப் பாதை இல்ல. என்ன செய்ய?"

வேல்விழியும் நின்றாள். செவலை பாலத்தின் இந்த முனையில் போய் முன்னங்கால்களை நீட்டி உட்கார்ந்தது. அந்த முனையில் லூசி நின்றது. அதன் வால் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இரண்டுக்கும் நடுவே கலங்கிய தண்ணீர், ஒரு தென்னை மட்டையைச் சுழற்றிச் சுழற்றி இழுத்துக்கொண்டு போனது.