வரிசை எண் ஒன்று

மணி மூன்றே கால். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நாற்பத்தோரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல்கூட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மேசையில் கிடந்த வருகைப் பட்டியலில் மட்டும் ஒரு கையெழுத்துகூட இல்லை.

அவள் பேனாவை நீட்டினாள். முன்வரிசையில் இருந்த தையல்காரர், சூடான இஸ்திரிப் பெட்டியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

மாநில அரசின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் அவளுக்குக் களப் பிரதிநிதி என்று பதவி. அவள் குடியிருக்கும் இந்தத் தெருவில் 'நோட்டீஸ் பொண்ணு'. எந்தத் துறை எதை மாற்றினாலும் ஜனங்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஜனங்கள் சொல்வதை எழுதி வர வேண்டும். பதினோரு வருஷ சர்வீஸில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிப் பழகியிருந்தாள். ஆனாலும் இன்றைக்குப் போல எரிச்சல் வந்ததில்லை.

விஷயம் இதுதான். இந்தச் சின்ன மருத்துவமனையை நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக முடிவாகியிருந்தது. முப்பது பேராவது கூட்டத்துக்கு வந்து ஆட்சேபித்ததாகக் கையெழுத்துப் பட்டியல் இன்று ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் சேர்ந்தால், முடிவு நிறுத்தி வைக்கப்படும். சேராவிட்டால் திங்கட்கிழமை லாரி வரும். கட்டில், அலமாரி, நர்ஸ் எல்லாம் ஏறிப் போய்விடும்.

ஆட்சேபத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றரை மணி நேரம் பொரிந்து தள்ளினார்கள். சர்க்கரை வியாதிக்காரர் பேசினார், எட்டு மாதக் கர்ப்பிணி பேசினாள், பூட்டு ரிப்பேர் செய்பவர் மருத்துவமனையை விட்டுவிட்டுச் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினார். அதையும் எழுதிக்கொண்டாள். கையெழுத்து என்றதும் கூடம் கப்சிப்.

காரணம் அவளுக்குத் தெரியும். போன வருஷம் பஸ் நிறுத்தத்தைப் பற்றி இதே கூடத்தில் ஒரு விளக்கக் கூட்டம். வந்தவர்கள் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். அலுவலகத்தில் அந்த வருகைப் பட்டியலை, 'நிறுத்தத்தை மாற்றச் சம்மதிக்கிறோம்' என்ற தாளோடு சேர்த்துப் பின் அடித்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் நிறுத்தம் காணாமல் போனது. அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு போனவள் அவள்தான்.

இரண்டாவது வரிசையில் அவளுடைய சித்தியே முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, நீங்களாவது ஆரம்பிச்சு வைங்க."

"போன தடவை நான்தாண்டி ஆரம்பிச்சு வெச்சேன். உன் மூஞ்சிக்காகப் போட்டேன். இப்ப பஸ்ஸுக்குத் தினம் ஒரு மைல் நடக்கறது என் முட்டி, உன் மூஞ்சி இல்ல."

கூடம் சிரித்தது. அவளுக்குக் காது சூடானது.

வராந்தாவுக்குப் போய்த் தன் அலுவலகக் கண்காணிப்பாளருக்கு போன் போட்டாள். கையெழுத்து இல்லாவிட்டால் யாருமே வரவில்லை என்றுதான் அர்த்தம் என்றார் அவர். போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். போட்டோவில் இருப்பவர்கள் உங்கள் சொந்தக்காரர்களாகக்கூட இருக்கலாமே என்றார். ஒருத்தி அப்படித்தான் என்பதால் அவள் பேச்சை மாற்றினாள். சரி, 'இது வருகைக்கு மட்டும்' என்று மேலே ஒரு வரி எழுதிக்கொள்ளலாமா? கூடவே கூடாது. கட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்து சேர்ந்தாலும் படிவம் செல்லாது. "வந்தவங்க கட்டத்துக்குள்ள எழுதலாம். அவ்ளோதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மணி மூன்று ஐம்பது. அவள் உள்ளே வந்து பட்டியலை முறைத்தாள். மூன்று கட்டங்கள்: பெயர், முகவரி, கையெழுத்து. முகவரிக் கட்டம் அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் மூன்று வருஷமாக ஊர்ந்து, இப்போதுதான் மேலே வந்திருந்தது. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அரசு ஊழியரான அவளே இந்த ஆட்சேபத் தாளில் எழுதினால் உயர்வும் போகும், பேச்சும் போகும்; அவர் இனி டிவியை அணைத்தே வைக்கலாம்.

"நாங்க எல்லாம் போடறோம்" என்றாள் சித்தி, அவள் மனதைப் படித்ததுபோல. "முதல்ல நீ போடு. மாட்டினா சேர்ந்து மாட்டுவோம்."

அவள் வரிசை எண் ஒன்றில் தன் பெயரை எழுதினாள். முகவரிக் கட்டத்தில், 'மருத்துவமனை இருக்கும் இதே தெரு. அது இங்கேயே இருக்க வேண்டும். இது எதற்கும் சம்மதக் கையெழுத்து அல்ல' என்று பொடி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தையல்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, தன் பெயரை எழுதி, முகவரியில் 'மேற்படி' என்று போட்டுக் கையெழுத்திட்டார். சித்தியும் மேற்படி. சாக்கடைக்காரர் மட்டும் 'மேற்படி, மற்றும் சாக்கடை' என்று எழுதினார். தடுக்க நேரமில்லை.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அலுவலகப் படியேறினாள். தபால் பிரிவு எழுத்தர் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். வரிகளை மட்டும் எண்ணினார், நாற்பத்திரண்டு, டமால் என்று 'பெறப்பட்டது' முத்திரை குத்தினார். கண்காணிப்பாளர் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"என்னம்மா இது, தெருவே ஒரே வீட்டுலயா குடியிருக்கு?"

"கட்டத்துக்கு வெளிய ஒரு எழுத்தும் இல்ல சார்."

அவர் முத்திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் முத்திரையைப் பார்த்தார். அரசு ஊழியர் எப்படி ஆட்சேபிக்கலாம் என்று மெமோ வரும், பதவி உயர்வை மறந்துவிடு என்றார். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை லாரி வரவில்லை. மெமோ வந்தது. கூடவே, அடுத்த கூட்டத்துக்கான புதிய படிவம். முகவரிக் கட்டத்தைக் கதவு எண் மட்டும் அடங்கும் அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். இதற்கென்று உட்கார்ந்து கோடு போட்ட மகராசனை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

பிறகு தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். முகவரியில் மிச்சமான இடத்தையெல்லாம் பெயருக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் சித்திக்கு போன் போட்டாள். "சித்தி, அடுத்த கூட்டத்துல நம்ம பேரெல்லாம் கொஞ்சம் நீளமா இருக்கும்."