வால் இருக்கிற பாதி

கல்லை உளி வைத்துப் பிளந்தவள் ஃபங்சின். இரண்டு பாதியிலும் கல்லில் பதிந்துபோன ஒரே பழங்காலப் பறவை. பல்லில்லாத அலகு, விரித்த இறக்கை. சிஹெதுன் மலையில் கன்பூசியஸ் பறவை எனப்படும் இந்தப் புதைபடிவங்களுக்குப் பஞ்சமில்லைதான். ஆனாலும் இது அவள் கையால் வெளியே வந்தது. புருஷன் தியன்சென் அப்போது நிழலில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பாதியை அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே அட்டையில் 'கண்டெடுத்தவர் தியன்சென்' என்று ஏறிவிட்டது. நோகாமல் நுங்கு தின்ற மனிதர் ஊருக்கே 'பறவைக்காரர்' ஆனார். கல்யாண விருந்துகளில் முதல் மேசை அவருக்குத்தான்.

ஃபங்சின் மறுபாதியை எடுத்து முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகப் போட்டாள். எட்டு வருஷமாகப் பறவை மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. தினமும் தூசி தட்டுவாள். கோபம் புருஷன்மேல்தான், பறவைமேல் இல்லை.

அருங்காட்சியகத்திலிருந்து லுவான் என்ற பெண் வந்தாள்.

"அத்தை, எங்க பாதியில வால் பதியல. ஆணுக்குத்தான் நீள வால், அதனால பொட்டைன்னு எழுதி வச்சிருக்கோம். மறுபாதி உங்ககிட்ட இருக்காமே?"

ஃபங்சின் ஜாடியைக் காட்டினாள். இரண்டு நீள வால் இறகுகள், ரிப்பன் மாதிரி. லுவான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது ஆணு அத்தை."

"எனக்கு அப்பவே தெரியும். எடுத்துட்டுப் போ. ஆனா அட்டைல என் பேரு வரணும்."

"அதுக்கு மாமா, தான் சொன்னது தப்புன்னு எழுதித் தரணுமே."

ஃபங்சின் கட்டிலில் படுத்திருந்த தியன்செனைப் பார்த்தாள். எழுதினால் முதல் மேசை போச்சு, ஊர் சிரிக்கும். கிழவர் மாட்டார் என்றே நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு வலித்தது.

தியன்சென் கட்டிலிலிருந்து இறங்கி வந்தார். "பேனா குடும்மா."

வெகுநேரம் எழுதினார். லுவான் வாங்கிப் படித்தாள்: 'கண்டெடுத்தவள் என் மனைவி ஃபங்சின். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன்.'

"ரெண்டாவது வரி வேண்டாம் மாமா."

"இருக்கட்டும்மா. நானும் கூட இருந்தேன்னு தெரியட்டும்."

ஃபங்சின் அந்தப் பக்கம் திரும்பி ஜாடிக்கு ஒரு தட்டைத் தேடி எடுத்து மூடினாள். பிறகு தீப்பெட்டியோடு வந்தாள். முப்பது வருஷமாகத் திட்டித் தீர்த்த சிகரெட்டை அன்று அவளே பற்றவைத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணுதான்யா," என்றாள்.