நாற்காலி ஸ்டாலில் யாரும் உட்காரக் கூடாது

ஏழு வருடமாக நாற்காலி விற்கிற ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? அந்தக் கம்பெனியின் விற்பனை மேலாளர் அப்படிப்பட்டவள்தான். போனைக் காதில் வைத்தால் அறையை நாலு சுற்றுச் சுற்றுவாள். மத்தியானச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்றபடியே முடித்துவிடுவாள். தொழிற்சாலையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த மாதம் பம்பரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது. மூன்று நாள் வர்த்தகக் கண்காட்சி ஒன்றில் கம்பெனி முதல் தடவையாக ஸ்டால் எடுத்திருந்தது. வாங்க நினைப்பவர்கள் பெயரும் தேவையும் எழுதிக் கொடுக்கிற விசாரணைப் படிவம் குறைந்தது நாற்பது வந்தாக வேண்டும் என்றார் முதலாளி. வராவிட்டால் விற்பனையைத் தன் தம்பி பார்த்துக்கொள்வான், அவள் பழையபடி சரக்கு அனுப்பும் அறைக்கே போகலாம் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். ஜன்னலே இல்லாத அந்த அறையில் நாலு வருடம் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவள் அவள்.

ஸ்டாலுக்கு மூன்று பேர் வேண்டும். பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். பம்பரம் அவர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி, கண்காட்சி என்றால் என்ன என்று இரண்டு மணி நேரம் பேசினாள். பேச்சு சும்மா ஒப்புக்கு. யார் சுவரில் சாய்கிறார்கள், யார் காலை மாற்றி மாற்றி வைக்கிறார்கள் என்பதுதான் பரீட்சை. கடைசிவரை நின்றவர்கள் மூன்றே பேர்: வரவேற்பு மேசைப் பெண், ஒட்டடைக்குச்சி என்று எல்லாரும் கூப்பிடும் நெட்டை ஃபிட்டர், கிடங்குக் காவலாளி. காவலாளிக்கு நிற்பதுதானே வேலை.

தேறாதவர்களில் அவளுடைய அண்ணியும் ஒருத்தி. குஷன் தைக்கும் பிரிவில் பதினாறு வருடமாக இருப்பவள். பம்பரத்துக்கு இந்தக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். இருவரும் இருப்பதும் ஒரே வீட்டில். பேச்சு தொடங்கிய பத்தாவது நிமிடம் அண்ணி ஒரு பெஞ்சைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அண்ணி பேச்சை எடுத்தாள். “பதினாறு வருஷமா சீட்டு தைக்கிறேன். அதுல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் உக்காந்து நான் பாத்ததே இல்ல. ஒரு நாள் கூட்டிட்டுப் போயேன்.”

சொந்தக்காரியைக் கூட்டிப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பம்பரம் சமாளித்தாள். அண்ணி போய் அங்கேயும் உட்கார்ந்துவிடுவாளே என்பதுதான் உண்மையான காரணம். அண்ணி மறுபடி கேட்கவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

பத்து நாள் பயிற்சி நடந்தது. போனை எடுக்கக் கூடாது, ஸ்டாலுக்குள் சாப்பிடக் கூடாது, வருகிறவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று ஸ்டாலில் வைக்க ஒரு போர்டு எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு எழுத்தில்: யாரும் உட்காரக் கூடாது. விற்பதே நாற்காலி, நாமே உட்காராவிட்டால் எப்படி என்று ஒட்டடைக்குச்சி இழுத்தான். பரிமாறும்போது ஓட்டல்காரன் சாப்பிடுகிறானா என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். பிறகு அவளே சிடுமூஞ்சி வாடிக்கையாளராக நடித்தாள், பேரம் பேசுகிறவராக நடித்தாள், சும்மா பொழுதுபோக்க வந்தவராகவும் நடித்தாள். அதிகப் படிவம் வாங்குகிறவருக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு என்று ஆசையும் காட்டினாள். ராத்திரித் தூக்கத்தில்கூட அவள் வாய் “வாங்க, வாங்க” என்றது.

முதல் நாள் மொத்தம் ஆறு படிவம்.

எட்டு நாற்காலிகளைச் சுற்றி மூன்று பேரும் தூண்மாதிரி நின்று சிரித்தார்கள். வந்தவர்கள் நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார்கள், பதிலுக்குச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். பம்பரம் பக்கத்து ஸ்டால்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவாள், விளம்பரத் தாள்களை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் மாற்றுவாள், சிரிப்பு போதவில்லை என்று மூவரையும் கடிந்துகொள்வாள், தாள்களைத் திரும்ப வலப்பக்கம் மாற்றுவாள். சாயங்காலம் வரவேற்புப் பெண்ணுக்குக் குரல் போய், காய்ச்சலும் வந்துவிட்டது.

வேறு ஆளைத் தயார் பண்ண நேரமில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு அண்ணியிடம் போய் நின்றாள். அண்ணி குத்திக்காட்டவில்லை. எந்தச் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாம் நாள் அண்ணி இரண்டு மணி நேரம் நல்லபடியாகத்தான் நின்றாள். பதினொரு மணிக்குப் படிவம் ஒன்பது ஆகியிருந்தது. வெளிச்சம் போதாததுதான் கோளாறு என்று பம்பரத்துக்குத் தோன்றியது. இன்னொரு விளக்குக் கேட்கக் கண்காட்சி அலுவலகத்துக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அண்ணி நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டிருந்தாள். மடியில் ஒரு குஷனைப் புரட்டி, உள்தையலைப் பக்கத்தில் கையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணையே மூடியிருந்தார். பம்பரத்தின் கண்ணில் கூட்டம் படவில்லை. செருப்புதான் பட்டது.

“அண்ணி, எழுந்திருங்க. போர்டுல என்ன எழுதியிருக்கு?”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் குரலில் அதிகாரம் இருந்தது. அண்ணி சட்டென்று எழுந்தாள். அவள் எழுந்ததும் ஃபைல்காரப் பெண்ணும் பதறி எழுந்தாள். கண் மூடியிருந்தவர் எழுந்தார். மற்றவர்களும், ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர்கள்போல, பைகளை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருவர் மன்னிப்புக்கூடக் கேட்டார். அரை நிமிடத்தில் எட்டு நாற்காலியும் காலி.

ஒட்டடைக்குச்சி மெல்லச் சொன்னான். அந்தப் பெண் ஒரு ஆஸ்பத்திரிக்காரியாம். காத்திருக்கும் கூடத்துக்கு இருநூறு நாற்காலி வேண்டுமாம். படிவத்தைக் கேட்டு வாங்கிப் பேர் எழுதத் தொடங்கியிருந்தாளாம். பேனா நாற்காலியின் கைமேல் அப்படியே கிடந்தது.

பம்பரம் ஓடினாள். மூன்று கூடம் தாண்டி, வெளிவாசல் படிக்கட்டில் அந்தப் பெண் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமில்லை, களைப்புதான்.

“காலைலேர்ந்து நடந்து காலெல்லாம் வலி. அந்தம்மா உக்காந்திருக்காங்களேன்னுதான் நானும் உக்காந்தேன். எல்லாரும் சுத்தி நின்னு பாத்துட்டு இருந்தா யாருக்குங்க உக்கார மனசு வரும்?”

நாளைக்கு முடிந்தால் வருகிறேன் என்றாள். பம்பரம் தனியாகத் திரும்பினாள். வழியெல்லாம் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. பத்து நாள் பாடம் நடத்தி, வருகிறவர்களை விரட்டவா சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்டாலில் அண்ணி திரையோரம் விறைப்பாக நின்றிருந்தாள். போர்டில் எழுதியிருப்பதில் ஒன்றுகூடத் தவறவில்லை, சிரிப்பைத் தவிர. கண் சிவந்திருந்தது. பம்பரம் போர்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

“தப்பு என்னோடது அண்ணி. எல்லார் முன்னாடியும்தானே உங்கள அதட்டினேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

அண்ணி ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

“முதல்ல நீ உக்காரு.”

உட்கார்ந்தாள். கால் தானாக ஆடியது. இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. இடுப்புக்கு இதம் என்று ஏழு வருடமாக அவள் ஒப்பித்து ஒப்பித்து விற்ற மேடு. சொன்னது நிஜம்தான், இதமாகவே இருந்தது. அன்று சாயங்காலம் படிவம் இருபத்தொன்று.

மூன்றாம் நாள் மத்தியானம் முப்பத்தெட்டு ஆனபோது முதலாளியின் தம்பி வந்தார். எட்டு நாற்காலியிலும் ஆள். ஒட்டடைக்குச்சி நீண்ட காலை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான். காவலாளி மட்டும், பழக்கம் விடாமல், நின்றே சிரித்தார். ஆஸ்பத்திரிப் பெண் திரும்ப வந்திருந்தாள். அண்ணிக்கும் பம்பரத்துக்கும் நடுவே உட்கார இடமில்லாததால் எதிரே உட்கார்ந்து படிவம் எழுதிக்கொண்டிருந்தாள்.

தம்பி உட்கார இடம் தேடினார். கிடைக்கவில்லை.

“என்னங்க இது, எல்லாரும் உக்காந்துட்டு? கொஞ்சம் எழுந்து வாங்க, பேசணும்.”

முதலாளி வீட்டுக் குரல். பம்பரத்தின் குதிகால் தானாகத் தரையை அழுத்தியது, பாதி எழுந்தும்விட்டாள். எதிரே பேனா நின்றது. ஆஸ்பத்திரிப் பெண் தலையைத் தூக்கித் தன் பையைத் தேடினாள். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி நாத்தனாரின் முழங்காலை அழுத்தினாள்.

“நீ எழுந்தா அவங்களும் எழுந்துடுவாங்க.”

பம்பரம் உட்கார்ந்தாள். முதுகு அந்த மேட்டில் போய்ச் சாய்ந்தது.

“ஒரு நிமிஷம் நில்லுங்க சார். இடம் காலியானதும் கூப்பிடறேன்.”

பேனா மறுபடி எழுதத் தொடங்கியது. அது முப்பத்தொன்பதாவது படிவம். அடுத்ததற்கு உரியவர் பக்கத்து நாற்காலியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.